அட்-ஹாக் நெட்வொர்க்கில் தரவு தவறாமல் போய்ச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபுரம் இல்லை, ரூட்டர் இல்லை, நடுவில் இருந்து எல்லாவற்றையும் கவனிக்கும் கருவி எதுவும் இல்லை. இருப்பவை கையிலும் வண்டியிலும் டிரோனிலும் நகர்ந்துகொண்டே இருக்கும் கருவிகள் மட்டும்தான். ஒன்றின் தரவை இன்னொன்று வாங்கிக் கடத்தி, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். இதைத்தான் நகரும் அட்-ஹாக் நெட்வொர்க், சுருக்கமாக மானெட் என்கிறோம். இதைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களும், களத்தில் ஒன்றை அமைத்துப் பார்க்க விரும்பும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வழியைக் கண்டுபிடிப்பது எளிய பாதி. கண்டுபிடித்த வழி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் கடினமான பாதி. பாடங்களில் முதல் பாதிக்குக் கிடைக்கும் இடம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை.

வழக்கமான இன்டர்நெட் ரூட்டிங் நெறிமுறைகளையே இங்கும் ஓட்டினால் ஆகாதா?

ஓட்டலாம், ஆனால் தாங்காது. ஓஎஸ்பிஎஃப் என்ற பரவலான நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான அமைப்பில் 10 வினாடிக்கு ஒருமுறை பக்கத்து ரூட்டருக்கு 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் 'ஹலோ' செய்தி போகும். 40 வினாடி எதுவும் வராவிட்டால்தான் இணைப்பு போய்விட்டது என்று முடிவுகட்டும். கேபிளுக்கு இது போதும், கேபிள் அடிக்கடி அறுவதில்லை. ஆனால் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த 40 வினாடியில் 600 மீட்டர் போய்விடும். சாதாரண வைஃபை எட்டும் தூரம் அதற்கு வெகு முன்பே முடிந்திருக்கும்.

சரி, ஹலோவை வினாடிக்குப் பத்து என்று வைத்துவிட்டால்? அங்கே அடுத்த சிக்கல் வருகிறது. கேபிள் அதன் இரண்டு முனைகளுக்கு மட்டும் சொந்தம், காற்று எல்லோருக்கும் பொது. ஒரு கருவி பேசும்போது அதன் எல்லைக்குள் இருக்கும் மற்ற கருவிகள் காத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் செய்திகள் பெருகப் பெருக, எந்தத் தரவுக்காக நெட்வொர்க்கை அமைத்தோமோ அதற்கே இடம் இல்லாமல் போகும். சீக்கிரம் தெரிய வேண்டும், அதிகம் பேசவும் கூடாது. இந்த இழுபறி கீழே வரும் பதில்கள் பலவற்றில் தலைகாட்டும்.

இந்த யோசனை எப்போது தொடங்கியது?

1970களில். ஹவாய் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹாநெட் 1971இல் இயங்கத் தொடங்கியது. அது நடு நிலையம் ஒன்றைச் சுற்றி அமைந்தது. அதையடுத்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பு, தரவைப் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக அனுப்பும் பாக்கெட் ரேடியோக்கள் ஒன்றின் தரவை ஒன்று கடத்தும் நெட்வொர்க்கை உருவாக்கியது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 1997இல் மானெட்டுக்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. ஐஇடிஎஃப் வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அந்தக் குழு 1999இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 2501 இன்றும் படிக்கத் தகுந்தது. மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பு, குறைவான அலைவரிசை, குறைவான பேட்டரி, பலவீனமான பாதுகாப்பு என்று அது பட்டியலிட்ட சிரமங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

நெறிமுறைகளில் என்னென்ன வகை உண்டு?

பெரும்பாலும் இரண்டு. தேவை வருமோ வராதோ, எல்லா இடங்களுக்கும் வழியை முன்கூட்டியே வைத்திருப்பது ஒன்று. 1994இல் வந்த டிஎஸ்டிவி, பிறகு வந்த ஓஎல்எஸ்ஆர், பேட்மேன், பேபல் எல்லாம் இந்தப் பக்கம். அனுப்பத் தரவு வந்த பிறகுதான் வழி தேடுவது மற்றது. ஏஓடிவியும் டிஎஸ்ஆரும் இதில் பிரபலம். இரண்டையும் கலந்து, பக்கத்தில் இருப்பவற்றுக்கு முன்கூட்டியும் தொலைவுக்குத் தேவைப்படும்போதும் என்று செய்பவையும் உண்டு. நடைமுறையில் அவை அதிகம் வேர்பிடிக்கவில்லை.

ஏஓடிவி எப்படி வேலை செய்கிறது?

அனுப்புபவரிடம் வழி இல்லையென்றால் 'இன்னாருக்கு வழி தெரியுமா' என்ற வேண்டுகோளைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் அனுப்பும். கேட்ட ஒவ்வொரு கருவியும் அது யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு மேலே பரப்பும். வேண்டுகோள் உரிய கருவியை அடைந்ததும், குறித்துவைத்த அதே தடத்தில் பதில் திரும்பி வரும். அந்தப் பதில் கடந்து வரும்போதே ஒவ்வொரு கருவியிலும் 'இவருக்கு அடுத்த கை யார்' என்று பதிவாகிவிடும். முழு வழியும் யாருக்கும் தெரியாது, அடுத்த தாவல், அதாவது அடுத்த கருவி வரையிலான ஒரு கடத்தல், மட்டும் தெரியும். டிஎஸ்ஆர் இதில் மாறுபடும். அதில் முழு வழியும் பாக்கெட்டின் தலைப்பிலேயே எழுதப்பட்டுப் போகும்.

தேடல் முழு நெட்வொர்க்கையும் ஒரேயடியாக நனைத்துவிடக் கூடாது என்பதற்காக ஏஓடிவிக்கான ஆர்எஃப்சி 3561 ஒரு படிமுறை சொல்கிறது. முதலில் 1 தாவல் தூரம் மட்டும் கேள், பதில் இல்லையென்றால் 3, பிறகு 5, 7, அதற்கும் மேலே என்றால் 35 வரை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இலக்கு தொலைவில் இருந்தால் ஒவ்வொரு படியிலும் காத்திருந்த நேரம் தாமதமாகச் சேரும்.

நம்பகத்தன்மைக்கு முக்கியமான பகுதி வரிசை எண்கள். ஒவ்வொரு வழித் தகவலோடும் அது எவ்வளவு புதிது என்று காட்டும் ஓர் எண் ஒட்டியிருக்கும். புதிய எண் வந்தால் பழையது ஒதுங்கும். பழைய தகவலை நம்பி இரண்டு கருவிகள் பாக்கெட்டை ஒன்றுக்கொன்று திருப்பி அனுப்பிக்கொண்டே சுற்றவிடும் சுழல்களைத் தவிர்க்கத்தான் இது. அந்தப் பாதுகாப்பு முழுமையானது என்று பல வருடம் எல்லோரும் நம்பினார்கள். 2013இல் வெளியான, கணித முறைப்படி செய்த ஓர் ஆய்வு, ஆர்எஃப்சியின் வாசகங்கள் சில இடங்களில் இரண்டு விதமாகப் படிக்க இடம் தருவதையும், சில வாசிப்புகளின்படி எழுதினால் சுழல் வர வாய்ப்பு இருப்பதையும் காட்டியது. நீங்களே ஏஓடிவியை எழுதுவதாக இருந்தால் வரிசை எண் பகுதியை மட்டும் ஒன்றுக்கு மூன்று முறை படியுங்கள்.

அப்படியானால் ஓஎல்எஸ்ஆர்?

அதில் எல்லோரும் எல்லோரையும் பற்றி அறிந்திருப்பார்கள். அந்தத் தகவலைப் பரப்பும் செலவைக் குறைக்க ஓர் அழகான உத்தி உண்டு. ஒவ்வொரு கருவியும் தன் அண்டைக் கருவிகளில் சிலவற்றை மட்டும் மறுஒலிபரப்புக்குத் தேர்ந்தெடுக்கும். இரண்டு தாவல் தூரத்தில் இருப்பவை அத்தனையையும் எட்டும் அளவுக்கு அந்தச் சிலர் போதும். மற்றவர்கள் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். அடர்ந்த நெட்வொர்க்கில் இதனால் மிச்சம் அதிகம்.

தேர்வு சிக்கனமாக இருக்க இருக்க, அந்தச் சிலரில் ஒருவர் நகர்ந்துவிட்டால் விழும் ஓட்டையும் பெரிது. இதை அறிந்துதான் ஓஎல்எஸ்ஆருக்கான ஆர்எஃப்சி 3626, ஒவ்வொரு தொலைக் கருவியையும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எட்டும்படி தேர்வைத் தளர்த்த ஓர் அளபுருவை வைத்திருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 1. கருவிகள் வேகமாக நகரும் இடத்தில் இதை 2 ஆக்கிப் பார்ப்பது நல்லது. கொஞ்சம் அலைவரிசை போகும், அதற்குப் பதிலாக தகவல் போய்ச் சேரும்.

இரண்டில் எது நல்லது?

தரவு எப்படிப் பாய்கிறது என்பதைப் பொறுத்தது. எப்போதாவது ஒருவர் இன்னொருவரிடம் பேசும் நெட்வொர்க் என்றால், தேவைப்படும்போது தேடுவது சிக்கனம். பலரும் பலரோடும் ஓயாமல் பேசுகிறார்கள் என்றால் முன்கூட்டி வைத்திருப்பது மேல். குரல் அழைப்பு போலத் தாமதம் பொறுக்காத பயன்பாடு என்றாலும் அப்படித்தான், தேடித் தேடி அனுப்பினால் முதல் சில வார்த்தைகள் போய்விடும். இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லும் ஒப்பீட்டுக் கட்டுரை எதையாவது பார்த்தால், எத்தனை பேர் எத்தனை பேரோடு பேசினார்கள் என்ற அட்டவணையை முதலில் தேடிப் பாருங்கள்.

மிகக் குறைந்த தாவல்கள் உள்ள வழிதானே மிகச் சிறந்த வழி?

இல்லை. இந்தத் துறையில் அதிகம் பேரைத் தவறான திசைக்கு அழைத்துப்போன எண்ணம் இதுதான் என்று நினைக்கிறேன். தாவல் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்க வேண்டும். நீளமான தாவல் என்றால் சிக்னல் எல்லையின் விளிம்பில் நிற்கும் இணைப்பு. ஆகவே குறைந்த தாவலைத் தேடும் நெறிமுறை, கிடைப்பவற்றில் மோசமான இணைப்புகளையே பொறுக்கி எடுக்கிறது. அந்த விளிம்பு இணைப்பு, கருவி நாலடி நகர்ந்தாலே அறுந்துவிடுவதும் கூட.

இதற்கு மேல் இன்னொரு பொறியும் உண்டு. வைஃபையில் ஹலோ போன்ற, எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் செய்திகள் சின்னவை, குறைந்த வேகத்தில் போகின்றன. அதனால் தூரம் அதிகம் எட்டும். தரவு பாக்கெட்டுகள் பெரியவை, அதிக வேகத்தில் போகின்றன, எட்டும் தூரம் குறைவு. விளைவு: ஹலோ கேட்கிறது, எனவே இவர் என் அண்டையர் என்று அட்டவணையில் ஏறுகிறார், ஆனால் அவருக்கு அனுப்பும் தரவு போய்ச் சேருவதில்லை. இந்தச் சாம்பல் மண்டலத்தை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் உண்மையான கருவிகளை வைத்துப் பார்த்து எழுதினார்கள். சிமுலேஷனில் மட்டும் உழைப்பவர்கள் கண்ணில் இது படவே படாது.

மாற்று என்ன? ஒரு பாக்கெட்டை வெற்றிகரமாகக் கடத்த சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணுவது. 2003இல் எம்ஐடி ஆய்வாளர்கள் முன்வைத்த இடிஎக்ஸ் அளவுகோல் இதுதான். போகும் திசையில் பாக்கெட் சேரும் விகிதத்தையும், திரும்பும் திசையில் 'கிடைத்தது' என்ற ஒப்புகை சேரும் விகிதத்தையும் பெருக்கி, 1ஐ அதனால் வகுக்க வேண்டும். ஒரே தாவலில் எட்டும் வழியில் இரு திசையிலும் 0.4 என்றால் மதிப்பு 6.25. இரண்டு தாவல் வழியில் ஒவ்வொன்றும் இரு திசையிலும் 0.9 என்றால், இரண்டும் சேர்ந்து 2.47. தாவல் கூடினாலும் காற்றில் பிடிக்கும் நேரம் பாதிக்கும் குறைவு. இரு திசையையும் கணக்கில் எடுப்பதால், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இணைப்புகளும் தானாகவே விலகிவிடுகின்றன.

அப்படியானால் எல்லா இடத்திலும் இடிஎக்ஸ் போட்டுவிடலாமா?

நகராத நெட்வொர்க்கில் தாராளமாக. நகரும் நெட்வொர்க்கில் கவனம் வேண்டும். இடிஎக்ஸை முன்வைத்தவர்கள் வினாடிக்கு ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பி, கடந்த 10 வினாடியின் சராசரியை எடுத்தார்கள். கருவி நகர்ந்தால் அந்தச் சராசரி கடந்த காலத்தைத்தான் சொல்லும். 2004இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அளவுகோல்களை ஒப்பிட்டபோது, நிலையான கருவிகளிடையே இடிஎக்ஸ் முன்னணியில் வந்தது. அனுப்புபவர் நடந்துகொண்டே இருந்த சோதனையில் சாதாரணத் தாவல் எண்ணிக்கை அதை மிஞ்சிவிட்டது.

முந்தைய பதிலோடு இது முரண்படுவது போலத் தோன்றலாம். முரண் இல்லை. நல்ல இணைப்பைத் தேர்ந்தெடுப்பது சரி, ஆனால் 'நல்லது' என்ற மதிப்பீடு எவ்வளவு பழையது என்பதும் அதே அளவு முக்கியம். சராசரி எடுக்கும் காலத்தைக் குறைப்பது, சிக்னல் வலு இறங்குகிறதா ஏறுகிறதா என்ற போக்கைச் சேர்ப்பது, வெகுநேரமாக அறாமல் இருக்கும் இணைப்புகளுக்கு முன்னுரிமை தருவது என்று பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னது 1990களின் நடுவிலேயே வந்த யோசனை. எளிமையானது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

வழி அறுந்துவிட்டது என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

இரண்டு விதமாக. முதலாவது, ஹலோ வராமல் போவது. ஓஎல்எஸ்ஆரில் இயல்பாக 2 வினாடிக்கு ஒரு ஹலோ, 6 வினாடி எதுவும் வராவிட்டால் அண்டையர் போய்விட்டார் என்று பொருள். எதிரெதிர்த் திசைகளில் தலா வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விலகும் இரண்டு வண்டிகள் அந்த 6 வினாடியில் 240 மீட்டர் பிரிந்துவிடும். அவ்வளவு நேரமும் தரவு வெற்றிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, கீழடுக்கை, அதாவது ரேடியோவை நேரடியாக இயக்கும் பகுதியைக் கேட்பது. வைஃபையில் குறிப்பிட்ட ஒருவருக்கு அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உடனடி ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பும், வழக்கமான அமைப்பில் சின்னப் பாக்கெட்டுகளுக்கு 7 முயற்சி வரை. எல்லாம் தோற்றால் மேலடுக்கில் இருக்கும் ரூட்டிங்குக்குச் சொல்லலாம். இது சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும் விஷயம். 6 வினாடி எங்கே, சில மில்லிவினாடி எங்கே. கருவியின் டிரைவர் மென்பொருள் இந்தத் தகவலைக் கொடுக்குமானால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஆனால் அதை அப்படியே நம்பியும் விடக் கூடாது. மிகுந்த நெரிசலில் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று மோதியே ஏழு முயற்சியும் தோற்கலாம், இணைப்பு நன்றாகவே இருக்கும். நெறிமுறை அதை அறுந்ததாக நினைத்து வழியைக் கிழித்துப்போட்டு, புதிய தேடலை எல்லோருக்கும் பரப்பும். ஏற்கெனவே நெரிசல் இருந்த இடத்தில் இன்னும் நெரிசல், இன்னும் மோதல், இன்னும் பொய்யான அறுதல்கள். கருவிகள் ஒன்றுமே நகராமல், நெட்வொர்க் தன்னைத்தானே குலைத்துக்கொள்ளும் நிலை இது. ஒரே தோல்வியில் முடிவு கட்டாமல், ஏறுவதற்கு ஒரு வாசலும் இறங்குவதற்கு வேறு வாசலும் வைப்பது பாதுகாப்பு. ஓஎல்எஸ்ஆர் ஆர்எஃப்சியில் இதற்கு ஒரு விருப்ப ஏற்பாடு உண்டு. இணைப்பின் தரம் 0.8ஐத் தாண்டினால்தான் ஏற்கும், 0.3க்குக் கீழே இறங்கினால்தான் கைவிடும். இடையில் இருந்தால் முன்பு இருந்த நிலையே தொடரும்.

தொலைந்த பாக்கெட்டை யார் மறுபடி அனுப்ப வேண்டும்? அனுப்பியவரா, நடுவில் இருப்பவரா?

முதலில் நடுவில் இருப்பவர். கணக்கைப் பாருங்கள். ஐந்து தாவல், ஒவ்வொன்றிலும் 0.9 வாய்ப்பு. மறுமுயற்சி எதுவும் இல்லையென்றால் முழுவதும் கடக்கும் வாய்ப்பு 0.59. தொடக்கத்தில் இருப்பவர் மட்டும் மொத்தம் நான்கு முறை முயன்றால் ஏறத்தாழ 0.97. அதுவே ஒவ்வொரு தாவலிலும் நான்கு முயற்சி என்றால் 0.9995. அதோடு, தொடக்கத்திலிருந்து அனுப்பும் முறையில் நான்காம் தாவலில் தொலைந்த பாக்கெட் முதல் மூன்று தாவல்களின் அலைவரிசை நேரத்தையும் வீணாக்கிவிட்டுப் போகிறது.

நடுக் கருவியின் மறுமுயற்சி மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கெட்டை வாங்கி ஒப்புகையும் கொடுத்த கருவியின் பேட்டரி அடுத்த நொடி தீரலாம். அதன் வரிசை நிரம்பி பாக்கெட் வெளியே விழலாம். அந்தத் தொலைப்பு கடைசி முனைக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே முனைக்கு முனை ஒப்புகையும் வேண்டும், அரிதாக மட்டுமே பயன்படும் கடைசிப் பாதுகாப்பாக.

டிசிபி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

டிசிபி என்பது இன்டர்நெட்டில் தரவு முழுமையாகவும் வரிசையாகவும் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறை. அதன் அடிப்படை அனுமானம், பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்பது. உடனே வேகத்தைக் குறைக்கும். இங்கே தொலைப்புக்குக் காரணம் பெரும்பாலும் சிக்னல் அல்லது அறுந்த வழி. குறைத்துப் பயன் இல்லை.

இதைவிட வலிக்கும் விஷயம் காத்திருப்பு. வழி அறுந்தால் டிசிபி 1 வினாடி காத்து மறுபடி அனுப்பும், பிறகு 2, பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். அதாவது 1, 3, 7, 15ஆம் வினாடிகளில் முயற்சி. ரூட்டிங் 8ஆம் வினாடியில் வழியைச் சரிசெய்துவிட்டாலும் டிசிபி 15 வரை சும்மா இருக்கும். வழி அறுந்ததை டிசிபிக்கு வெளிப்படையாக அறிவித்து, கடிகாரத்தை உறையவைத்து, சிறு பாக்கெட்டுகளால் வழி திரும்பியதா என்று தட்டிப்பார்க்கும் முறையை 1999இல் ஹாலண்டும் வைத்யாவும் முன்வைத்தார்கள். இன்று சொந்தமாகச் செயலி எழுதுபவர்கள் பலர், ஒப்புகை எதுவும் கேட்காமல் அனுப்பும் யுடிபி மேல் தங்கள் சொந்த ஒப்புகை முறையைக் கட்டிவிடுகிறார்கள். மானெட்டுக்கு அது நியாயமான முடிவே.

ஒரே இலக்குக்குப் பல வழிகளை வைத்துக்கொண்டால்?

உதவும், ஆனால் காகிதக் கணக்கு சொல்லும் அளவுக்கு இல்லை. தலா 0.9 நிச்சயமுள்ள இரண்டு வழிகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், ஏதாவது ஒன்று பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.99. 'சாராமல்' என்ற சொல்தான் தகராறு. இரண்டு வழிகளிலும் பொதுவான கருவி ஒன்றுகூட இல்லாமல் தேர்ந்தெடுத்தாலும், அவை பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் ஒரே காற்றைத்தான் பங்குபோடுகின்றன. ஒன்றைக் கெடுக்கும் குறுக்கீடு மற்றதையும் கெடுக்கும்.

என் பரிந்துரை: இரண்டாவது வழியைத் தயாராக வைத்திருங்கள், முதலாவது அறுந்தால் உடனே மாறுங்கள். ஒரே நேரத்தில் இரண்டிலும் பிரித்து அனுப்புவது டிசிபிக்கு ஆகவே ஆகாது. பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்தால் அதையும் அது தொலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் மிக முக்கியமான சிறு செய்தி என்றால் இரண்டு வழியிலும் ஒரே பிரதியை அனுப்பிவிடுங்கள். செலவு சொற்பம். கூடவே, பயன்படுத்தாத மாற்று வழியும் நகர்வால் கெட்டுப்போகும் என்பதால் அவ்வப்போது அதைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எத்தனை கருவிகள் வரை தாங்கும்?

ஓர் எண்ணாகச் சொல்வதைவிட காரணத்தைச் சொல்கிறேன். ஒரு பாக்கெட் ஐந்து தாவலில் போகிறது என்றால் ஐந்து முறை காற்றைப் பிடிக்கிறது. பக்கத்துத் தாவல்கள் ஒரே நேரத்தில் நடக்கவும் முடியாது. நேர்கோட்டில் நிற்கும் நீண்ட சங்கிலியில் சிறந்தபட்சம் இணைப்பு வேகத்தின் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்றும், வைஃபையின் 802.11 நெறிமுறையோடு சிமுலேஷனில் ஏழில் ஒரு பங்கே கிடைத்தது என்றும் 2001இல் ஓர் எம்ஐடி குழு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு குப்தாவும் குமாரும் கோட்பாட்டு எல்லையையே வகுத்தார்கள். தற்செயலான இலக்குகளோடு எல்லோரும் பேசும் நெட்வொர்க்கில் கருவிகள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதைவிடச் சற்று வேகமாகச் சுருங்குகிறது. எந்த ரூட்டிங் நெறிமுறையாலும் இதை மீற முடியாது. பெரும்பாலான பேச்சு பக்கத்திலேயே முடியும்படி பயன்பாட்டை அமைப்பதுதான் வழி.

ஜிபிஎஸ் இருந்தால் ரூட்டிங் எளிதாகிவிடுமா?

ஒரு பகுதி. இலக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு மிக அருகில் இருக்கும் அண்டையரிடம் கொடுத்துக்கொண்டே போகலாம், அட்டவணையே வேண்டாம். 2000இல் வந்த ஜிபிஎஸ்ஆர் இப்படிப்பட்டது. நடுவில் பள்ளம் போல ஆளில்லாப் பகுதி வந்தால் அதன் ஓரமாகச் சுற்றிப்போகவும் அதில் முறை உண்டு. ஆனால் இலக்கின் இருப்பிடத்தை எனக்கு யார் சொல்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சேவை வேண்டும், அதுவும் இதே நெட்வொர்க்கின் மேல்தான் ஓட வேண்டும். தவிர, எல்லையின் கடைசியில் இருப்பவரைப் பொறுக்கும் அதே விளிம்பு இணைப்புச் சிக்கல் இங்கேயும் வரும்.

இரண்டு கருவிகளுக்கும் இடையே அந்த நேரத்தில் வழியே இல்லையென்றால்?

வைத்திருந்து, சுமந்து, சந்திக்கும்போது கொடுக்க வேண்டும். மேலே பேசிய நெறிமுறைகள் எல்லாம் இப்போதே முழு வழி இருக்கிறது என்று எதிர்பார்ப்பவை. மக்கள் சிதறிக் கிடக்கும் பேரிடர்ப் பகுதியில் அது பல நேரம் பொய். 2000இல் வாதத்தும் பெக்கரும், சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் பிரதி கொடுத்துப் பரப்பும் முறையை முன்வைத்தார்கள். சேரும் வாய்ப்பு அதிகம், நினைவகமும் பேட்டரியும் கரையும். 2005இல் வந்த ஸ்ப்ரே அண்ட் வெயிட், பிரதிகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. குறைந்த செலவில் வியக்கத்தக்க பலன் தரும் முறை அது. யார் யாரை அடிக்கடி சந்திக்கிறார்கள் என்ற வரலாற்றை வைத்துக் கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் ப்ராஃபெட், 2012இல் ஆர்எஃப்சி 6693 ஆக வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கோட்பாட்டு முடிவு உண்டு. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தயார் என்றால், கருவிகள் நகர்வது நெட்வொர்க்கின் கொள்ளளவைக் கூட்டும் என்று 2001இல் கிராஸ்கிளாசரும் ட்சேயும் நிரூபித்தார்கள். வழியை அறுக்கும் அதே நகர்வு தரவைச் சுமந்தும் போகிறது.

வேண்டுமென்றே ஒரு கருவி பாக்கெட்டை விழுங்கினால்?

மானெட்டில் எல்லோரும் ரூட்டர் என்பதால் இது உண்மையான ஆபத்து. 'எனக்கு அருமையான வழி தெரியும்' என்று பொய்யாக மிக உயர்ந்த வரிசை எண்ணோடு பதில் சொல்லி, வரும் தரவை எல்லாம் விழுங்குவது ஒன்று. தொலைவில் இருக்கும் இரு கூட்டாளிகள் தங்களுக்குள் ரகசியச் சுரங்கம் போட்டு, அண்டையர் போல நடிப்பது இன்னொன்று. கையொப்பமிட்ட செய்திகள் முதலாவதைப் பெருமளவு தடுக்கும். இரண்டாவதைத் தடுக்காது, ஏனென்றால் அவர்கள் செய்தியை மாற்றுவதில்லை, இடம் மாற்றுகிறார்கள். நேரம் அல்லது இருப்பிடத்தைக் கொண்டு பாக்கெட் பயணித்த தூரத்தைக் கட்டுப்படுத்தும் முறை 2003இல் இதற்கென முன்வைக்கப்பட்டது. அண்டையர் உண்மையிலேயே கடத்துகிறாரா என்று காதுகொடுத்துக் கேட்கும் 2000ஆம் ஆண்டின் யோசனை, மோதல்கள் மிகுந்த இடத்தில் அப்பாவிகள் மேலும் பழி போட்டுவிடும். குழுவுக்கு முன்பே தெரிந்த சாவிகளைக் கொடுத்துவிட்டுக் களம் இறங்குவதே என் அறிவுரை.

சிமுலேஷன் முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?

ஒப்பிடப் பயன்படுத்துங்கள், வாக்குறுதியாக எடுக்காதீர்கள். 250 மீட்டர் வட்டத்துக்குள் எல்லாம் கேட்கும், வெளியே ஒன்றும் கேட்காது என்ற மாதிரியில் சாம்பல் மண்டலம் கிடையாது. கருவிகளை நகர்த்தும் பிரபலமான ரேண்டம் வேபாயின்ட் மாதிரியில், குறைந்தபட்ச வேகம் பூஜ்யமாக இருந்தால் நேரம் ஆக ஆக சராசரி வேகம் குறைந்துகொண்டே போகும் என்று 2003இல் காட்டப்பட்டது. மெதுவாக ஒரு தூரப் பயணத்தில் மாட்டிய கருவி அதிலேயே கிடப்பதுதான் காரணம். நீண்ட நேரம் ஓட்டினால் உங்கள் நெறிமுறை சிறப்பாகத் தெரியும், உண்மையில் சிறந்தது கருவிகளின் மந்தம். குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யத்துக்கு மேல் வையுங்கள், தொடக்க நிமிடங்களை விட்டுவிட்டு அளவெடுங்கள்.

இன்று கையில் எடுத்துப் பார்க்க எது தோது?

லினக்ஸ் கருவிகள் இருந்தால் பேட்மேன்-அட்வில் தொடங்குங்கள். ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் சமூக நெட்வொர்க்குகளில் வளர்ந்தது, 2011இல் லினக்ஸ் கெர்னல் 2.6.38இல் சேர்ந்தது. முழு வரைபடம் வைக்காமல், ஒவ்வோர் இலக்குக்கும் எந்த அண்டையர் வழியாகச் செய்தி நன்றாக வருகிறது என்று மட்டும் பார்க்கும். சுழல் இல்லாமல் இருப்பதற்கு வலுவான உத்தரவாதம் வேண்டுமென்றால் பேபல், 2021இல் ஆர்எஃப்சி 8966 ஆக வந்தது. வைஃபை தரநிலைக்குள்ளேயே வேண்டுமென்றால் 802.11எஸ், அதன் உள்ளே இருப்பது ஏஓடிவியின் வழித்தோன்றல்தான்.

அமைத்ததும் முதலில் மூன்று கருவிகளை மட்டும் வரிசையாக நிறுத்துங்கள், முதலும் கடைசியும் ஒன்றையொன்று அரைகுறையாகக் கேட்கும் தூரத்தில். நெறிமுறை நேர்வழியைப் பிடிக்கிறதா, நடுவரைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு நடுவரை அணைத்துவிட்டு, தரவு மறுபடி ஓட எத்தனை வினாடி ஆகிறது என்று அளவெடுங்கள். சராசரியைக் குறிக்காமல் ஒவ்வொரு முறையும் கிடைத்ததைத் தனித்தனியாக எழுதுங்கள், மோசமான சில முறைகளில்தான் பயனர் உங்கள் நெட்வொர்க்கைக் கைவிடுகிறார். இந்த இரண்டும் திருப்தியாக வந்த பின் நான்காவது கருவியைச் சேருங்கள்.